வேண்டாமென்று நான் சொன்ன ஸ்கேன்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சிவநேசனுக்கு அம்மா எழுதுவது. நீயும் சிந்துஜாவும் மெல்பர்னில் சுகமாக இருக்க முருகன் துணை. நீ போனில் கூப்பிடும் நேரத்தில் நான் அப்பா பக்கத்தில் இருப்பேன், பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். தனியாக இருந்து படி.

அப்பா வெள்ளிக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் வீங்கியது என்று இரண்டு வருஷத்துக்கு முன் தொடை வழியாக ஒரு குழாய் வைத்தார்களே, அது நழுவிவிட்டதாம். ஓரத்தில் ரத்தம் கசிந்து வீக்கம் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்கிறார் டாக்டர். புதன்கிழமை வயிற்றைத் திறந்து ஆபரேஷன். இருதயம் தாங்குமா என்று கேட்டேன். கையெழுத்துப் போடும் தாளை நீட்டினார்.

எனக்கு அழுகை வரவில்லை. காலையில் ரசம் வைத்தேன், உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தாமரை வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

அப்பாவுக்கு வாய் மட்டும் குறையவில்லை. வருஷா வருஷம் ஸ்கேன் என்று சொன்னவர்கள் போன வருஷம் கூப்பிடவே இல்லை, மறந்துபோனார்கள் என்று வருகிற நர்ஸிடமெல்லாம் சண்டை. மார்க்கிரட் என்று ஒரு பிள்ளை, டென்ஷன் ஆகாதீங்க அங்கிள், பிரஷர் ஏறும்லா என்று கெஞ்சுகிறது.

போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடத்தான் செய்தார்கள். நான்தான் எடுத்தேன். அப்பா பிழைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டபடி பத்துமலையில் பால்குடம் எடுத்து வந்து அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. நேர்த்திக்கடனைச் செலுத்திய பிறகு மறுபடியும் படம் எடுத்துப் பார்த்தால் முருகனைச் சந்தேகப்படுவது போலாகும் என்று பட்டது. அவர் மகனிடம் போயிருக்கிறார், வந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. பிறகு நான் கூப்பிடவும் இல்லை. முருகன் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. போனை எடுத்தது நான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் சொல்லப்போகிறேன். சொன்னால் பிரஷர் ஏறும் என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் உள்ளே அனுப்பினால், அப்புறம் கேட்பதற்கு அவர் இருப்பாரோ என்னவோ.

அதற்குள் வந்துவிடு, ஐயா. என்னைத் திட்டுவதென்றால் இங்கே வந்து திட்டு. நான் சொல்லி முடித்ததும் அப்பா என் கையை உதறிவிட்டால், அவர் கையைப் பிடித்துக்கொள்ள நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

நீ நன்றாக இருப்பாய்.

உன் அம்மா,
சீதாலெட்சுமி