மூன்று பத்துக்குக் கப்பல் ஏறியவர்

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
பங்குனி 19

அன்புள்ள புவனேசு மச்சாளுக்கு,

செல்வமலர் எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அதை எழுதவே கை கூசுகிறது. வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நான் போனைத் தொட்டாலே இவர் வந்து பக்கத்தில் இருந்துவிடுகிறார். கோயிலில் பழக்கமான தியாகராசா அண்ணை வியாழக்கிழமை ஊருக்கு வருகிறார். அவர் கையில் தந்துவிடுகிறேன். தனிய இருந்து வாசியுங்கள்.

போன கிழமை நீங்கள் கேட்டீர்களே, "தம்பிக்கு என்னடி நடந்தது? ஒன்பது வருசமா என்னோடை கதையாதவன் தானாப் போன் எடுத்து, அக்கா சாப்பிட்டியளோ எண்டு கேட்டான், நான் அழுதேபோட்டன்" என்று. கப்பலில் போய் வந்ததில் மனம் மாறிவிட்டது என்று மழுப்பினேன். அது பொய், மச்சாள்.

டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் ஊராருடைய பெட்டிகளை ஏற்றி இறக்கின மனிசன், இனித் தானும் ஒருக்கால் பெட்டியோடு போகட்டும் என்று மகன் பிருந்தன்தான் உல்லாசக் கப்பலுக்கு டிக்கெற் எடுத்துத் தந்தான். உங்கள் தம்பியின் குணம் தெரியும்தானே. கப்பலில் சோறு சரியில்லை, மேசையில் கூட இருந்த சனம் சரியில்லை, எல்லாவற்றிலும் பார்க்க நான் சரியில்லை. முப்பத்தாறு வருடமாக எனக்கு "எடி" என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அங்கே பிரெஞ்சுக்காரருக்கு முன்னாலும் அதே "எடி"தான்.

மாசி மாதம் ஆர்ஜென்ரீனாவின் புவெனஸ் ஐரிஸ் நகரத்தில் கப்பல் ஒரு நாள் நின்றது. துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் கழுத்தில் போட்ட கார்ட்டை ஒரு மெசினில் காட்டவேண்டும், அது கீச்சென்று கத்தும், நம் படமும் நேரமும் கம்பியூட்டரில் விழும். பிறகு கொள்கலன் மலைகளுக்கு நடுவால் பஸ் கொண்டுபோய் விடும். சும்மா சொல்லக்கூடாது, நகரம் வடிவுதான். ஒரு தெருவைக் கடக்க மட்டும் இரண்டு தரம் சிக்னலுக்கு நின்றோம், அவ்வளவு அகலம். தகர வீடுகளுக்கு மஞ்சளும் நீலமும் அடித்து வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் வழிகாட்டிப் பெட்டை எங்களைக் கொண்டுபோய் விட்டது ஒரு சுடலையில். "எடுபட்ட சனங்கள், காசு குடுத்துச் சுடலை பாக்குதுகள்" என்றார் உங்கள் தம்பி. அதில் மட்டும் நானும் அவரும் ஒரு கட்சி.

மச்சாள், அது ஒரு ஊர். தெரு, சந்தி, ஒழுங்கை எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு சமாதியும் கல்வீடு. கண்ணாடிக் கதவுக்குள்ளால் பார்த்தால் தட்டுத் தட்டாகப் பெட்டிகள், மேலே வெள்ளை லேஸ் துணி. ஒரு வீட்டில் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ இருந்துவிட்டு எழும்பினமாதிரி ஒரு கதிரை.

செருப்புக் கடித்துக் கால் கொப்பளித்துப் போயிற்று. கொஞ்சம் மெல்ல நடவுங்கோ என்று கேட்டேன். "அப்ப இதிலையே கிடவடி" என்று சொல்லி ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினார். அவ்வளவுதான். பின்னால் போனேன், ஆள் இல்லை. அடுத்த ஒழுங்கையிலும் இல்லை. மூன்று பத்துக்கு பஸ் வெளிக்கிட வேண்டும் என்று அந்தப் பெட்டை மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டே நிற்கிறாள்.

அப்போதுதான் அந்த விசர் வேலையைச் செய்தேன். செத்த வீட்டில் யாரையும் வாங்கோ என்று கூப்பிடமாட்டோம், போட்டு வாறன் என்றும் சொல்லமாட்டோம். நீங்கள்தானே எனக்குக் கலியாணம் முடித்த புதிதில் அதைச் சொல்லித் தந்தனீங்கள். பதற்றத்தில் எல்லாம் மறந்துபோய், வாசலில் நின்று அந்தச் சமாதிகளைப் பார்த்து, "இஞ்சாருங்கோ! வாங்கோ, போவம்!" என்று மூன்று தரம் கத்தினேன். அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். என்றைக்கு நான் அந்தப் பெயரை வாயால் சொன்னேன்? அத்தனை ஆம்பிளைகள் படுத்துக் கிடக்கிற இடத்தில் ஆளைச் சொல்லாமல் கூப்பிட்டுவிட்டேன். உள்ளே எங்கேயோ ஒரு கதவு சாத்துப்பட்டது. உங்கள் தம்பி வரவில்லை.

அழுதுகொண்டே பஸ்ஸில் ஏறிக் கப்பலடிக்கு வந்தேன். அங்கே நின்ற பெண் கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் கணவர் மூன்று பத்துக்கே ஏறிவிட்டாரே என்றாள். மூன்று பத்துக்கு நான் சுடலை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன், அங்கிருந்து துறைமுகத்துக்கு பஸ்ஸில் அரைமணித்தியாலம். அதைவிட, கழுத்து அரிக்கிறது என்று அவர் காலையில் கழற்றித் தந்த கார்ட் என் கைப்பைக்குள் கிடந்தது. இரண்டு பாஸ்போட்டும் அதற்குள்தான்.

அறைக்குள் போனேன். தலை முழுகி, ஈரத்தலையோடு கட்டில் ஓரத்தில் இருந்தார். அதே முகம். பெட்டி இழுக்கிற பெல்ற் கிழித்த தழும்பும் கையில் அப்படியே. "செல்வமலர், சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார்.

கப்பல் வெளிக்கிட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கொப்பளத்துக்கு மருந்து பூசினார். நான் மற்றக் காலையும் நீட்டினேன்.

இங்கே வந்து ஐந்து கிழமையாகிறது. லவாலிலிருந்து வந்த பிருந்தன், அப்பாவுக்கு ஓய்வு நல்லாய்ப் பிடித்துவிட்டது என்று சந்தோசப்படுகிறான். இவர் குறட்டை விடுவதில்லை. மூச்சுச் சத்தமும் கேட்பதில்லை. மைனஸ் இருபதில் வெறும் சேட்டோடு போய்க் குப்பை போட்டுவிட்டு வருகிறார். வந்தால் வாசலில் நிற்பார், நான் வாங்கோ என்று சொன்னால்தான் உள்ளே கால் வைப்பார். ஒருநாள் வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தேன். இருபது நிமிடம் பனிக்குள் நின்றார். கோபமே இல்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

பயமாக இருக்கிறது, மச்சாள். ஆனால் ஒவ்வொரு நாளும் ஏச்சு வாங்காமல் படுக்கிறேன். அது எப்படியிருக்கும் என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

இப்போதுதான் சொல்லக்கூடாததைச் சொல்கிறேன். ஐம்பத்துநாலில் தொடங்குகிற ஆர்ஜென்ரீனா நம்பரிலிருந்து வீட்டுப் போனுக்கு அழைப்பு வரத் தொடங்கியது. முதலில் தெருச் சத்தம் மட்டும். திங்கட்கிழமை குரல் வந்தது. "எடி, நான்தானடி. பாஸ்போட் உன்னட்டை. எம்பசியிலை நான் கனடாவிலை இருக்கிறன் எண்டு சொல்லுறாங்களடி. வந்து கூட்டிக்கொண்டு போ" என்று. அழுதார். அந்த மனிசன் அழுததை நான் கேட்டதே இல்லை. இவர் குசினிக்குள் எனக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றார். நான் போனை வைத்துவிட்டேன். அடுத்த நாளே அந்த லைனை வெட்டச் சொல்லிவிட்டேன். ஓம், பாவிதான் நான்.

அவருடைய கைப்போன் அன்றைக்கும் கப்பல் அறையில்தான் கிடந்தது. எங்கள் வீட்டு நம்பரை விட்டால் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உங்கள் நம்பர் ஒன்றுதான். ரோசத்தில் எடுக்காமல் இருந்திருப்பார். இனி எடுப்பார். உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த கதை ஏதாவது சொல்லி அழுவார். உங்களுக்கு நெஞ்சு தாங்காது என்று தெரியும்.

"என்ரை தம்பி மொன்றியலிலை சுகமாய் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனை வையுங்கள். உங்கள் கால் இரண்டையும் பிடித்துக் கேட்கிறேன். முடியாவிட்டால், ஒரு வரி எழுதி தியாகராசா அண்ணையிடம் தந்துவிடுங்கள். அவருடைய பாஸ்போட்டை நானே ஆர்ஜென்ரீனாவுக்குக் கொண்டுபோகிறேன். ஆனால் அதற்குமுன், இதை வாசிக்கிற அன்றைக்கும் பின்னேரம் உங்களைச் சாப்பிட்டியளோ என்று கேட்கப்போகிற இந்தத் தம்பிக்கு, இனிப் போன் எடுக்கவேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது.

முருகன் எங்கள் இரண்டு பேரையும் மன்னிக்கட்டும்.

உங்கள்
செல்வமலர்