என் பெயரில் உன் சளி

மச்சான்,

எதிரே மேசைமேல் அந்த டப்பா உட்கார்ந்திருக்கிறது. அதே வெள்ளை மூடி, அதே உள்ளங்கை அளவு. ஐந்து வாரமாக இருமல். இன்றைக்கு டாக்டர் இதைக் கையில் கொடுத்து, "காலைச் சளி கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார். மூடியைத் திறந்தேன். அந்தப் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் பத்து வருஷம் பின்னால் போய் விழுந்தேன்.

அப்போது என் இருமல் சாதாரண இருமலா? திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் வராமல் போனதற்கே அதுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உள்ளுக்குள் குலை நடுங்கியது உனக்கு மட்டும்தான் தெரியும். என் அப்பா அந்த இருமலில்தான் போனார். வீட்டில் கைக்குழந்தை வேறு. நோய் என்று தெரிந்தால் மாமியார் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடந்தது. மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களுக்குக் காசநோயைக் கண்டுபிடிக்க ஒரு தடவை சளி பார்த்தால் போதுமா, மூன்று தடவை பார்க்க வேண்டுமா என்று. என் மனைவி பிடித்த பிடியில் பெயர் கொடுத்தேன். டப்பா வீட்டுக்கு வந்தது. விடியற்காலையில் மாமல்லபுரத்திலிருந்து மீன் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த உன்னைத் தெருமுனையில் மறித்து அதை நீட்டினேன்.

"இன்னாடா மச்சான், துப்பறதுக்குக்கூட ஆள் வெச்சுகினு கீற மகாராஜாவை இப்பத்தான் பாக்குறேன்!"

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே. துப்புடா."

"பீடிச் சளி. சுத்தமான சரக்கு. எடுத்துக்கோ" என்று காறித் துப்பிக் கொடுத்தாய். ஐஸ் பெட்டியை ஒற்றை ஆளாக இறக்குகிற உடம்பு உன்னுடையது. உன் சளியைவிடச் சுத்தமான சளி இந்த ஜில்லாவில் கிடைக்காது என்று நம்பினேன்.

நாலாம் நாள் ஆராய்ச்சியில் வேலை செய்த அக்கா என் பெயரைக் கூப்பிட்டார். "சார், உங்க சளியில கிருமி இருக்கு. பயப்படாதீங்க, ஆறு மாசம் மாத்திரை."

ஒரு நொடி, ஒரே நொடி, அது என் சளி இல்லை, நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன் மச்சான். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த நொடி உன் முகம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அப்போதும் என் மூளை சும்மா இருந்ததா? மாத்திரையை என் பெயரில் வாங்கி உனக்குக் கொடுத்துவிடலாம் என்று பெரிய ராஜதந்திரம் போட்டேன். "என் கண் முன்னாடிதான் சார் முழுங்கணும்" என்றார் அக்கா. ராஜதந்திரம் அங்கேயே செத்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவரை இன்னைக்கே கூட்டி வாங்க" என்றார். அந்த நிதானம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

உன்னிடம் வந்து சொன்னேன். முதலில் சிரித்தாய். பிறகு பீடி பற்றவைக்கப் போனாய். மூன்று குச்சி அணைந்தது.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். உன் சளியை உன் பெயரில் எடுத்தார்கள். என் முறை வந்தபோது எனக்கு ஒரு துளிகூட வரவில்லை. "பேஜாரு பண்ணாத. போய்த் துப்பிட்டு வா. நான் வெளியிலதான் நிக்கிறேன்" என்றாய். நோய் இருந்தது உனக்கு. காவல் நின்றது எனக்கு.

எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. நீ ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை விழுங்கினாய். அதன் சாயம் இறங்கியதும், "ஒண்ணுக்கு ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போவுது மச்சான்" என்று தெருவே கேட்கக் கத்துவாய். தேறினாய். ஐஸ் பெட்டி மறுபடியும் தோளில் ஏறியது. போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து அரை மணியில் போனாய். அதற்கு டப்பா எதுவும் இல்லை.

இப்போது மூடியின்மேல் என் பெயரை எழுதியிருக்கிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. நாளைக் காலை உள்ளே போவதும் என்னுடையதுதான்; தெருமுனையில் மறிக்க ஆளில்லை. அந்த ஒரு நொடி நிம்மதி இன்னும் என் நெஞ்சில்தான் கிடக்கிறது. இருமும்போதெல்லாம் அது அசைகிறது.

பயமாக இருக்கிறது மச்சான்.

துப்பிவிட்டு வருகிறேன். நீ வெளியில் நில்.