குமரனின் பிக்கப்

வியாழன் இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை.

காலையில் நண்பன் குமரன் தன் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வண்டியை சிங்கப்பூர் மார்சிலிங்கில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தான். முன் ஆக்சில் ஜாயின்ட் உடைந்து, திரும்பும்போதெல்லாம் வண்டி உதறியது. "சாயந்தரம் மீனாவ டிஸ்சார்ஜ் பண்றாங்கடா. ஆபரேஷன் பண்ண உடம்பு லா, குலுங்கக் கூடாது," என்றான். மீனா அவன் மனைவி.

புது ஜாயின்ட்டைப் பொருத்திவிட்டுச் சக்கரத்தை மாட்டும்போது குமரனுக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மீனா போயிட்டாளாம்டா."

டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றேன். "வேணாம். நம்ம வண்டியிலதான் வருவேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். நீ முடிச்சிடு."

மீதி நட்டுகளை எப்படி முடுக்கினேன் என்று தெரியவில்லை. நான்தான் ஓட்டினேன். ஒரு திருப்பத்திலும் வண்டி உதறவில்லை.

மருத்துவமனையில் இறங்கியவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "தனியா போக முடியலடா. நீயும் வா."

கையெல்லாம் கிரீஸ், கழுவிவிட்டு வருகிறேன் என்றேன். அவன் காதில் விழவில்லை. அந்தக் கையையே இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தான்.