இடது காலணிக்குள் இருந்த காங்கிரஸ் உறுப்பினர்

டன்னக் தீவு, மேரிலாந்து
ஏப்ரல் 11

மதிப்பும் அன்பும் உள்ள எபிஃபானியாவுக்கு,

எல்மோ டைஸ் எழுதுவது. நான் சொல்லி நம் முதலாளி லோர்னா எழுதியதல்ல, நூலகத்து ஆசிரியை எழுதிக் கொடுத்ததும் அல்ல. என் கையால் நானே எழுதுவது. இன்றோடு மூன்று நாளாகிறது. பென்சிலை இரண்டு முறை சீவிவிட்டேன். கை வலிக்கிறது, ஆனால் சிப்பி அள்ளிய வலி போல இல்லை. இது பெருமையான வலி.

நீங்களும் உங்கள் மகள் யாடிராவும் நலமா? இங்கே நான் நலம். முன்பைவிட நலம் என்றே சொல்லலாம். என் ரத்த அழுத்த மாத்திரைப் புட்டியில் "உணவுக்குப் பின்" என்று போட்டிருக்கிறது. பதினோரு வருடமாக அதை வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போதெல்லாம் கண்ணில் படும் எதையும் விடுவதில்லை. சோப்பு உறை, மீன்வலைச் சீட்டு, தேவாலயக் கழிப்பறைக் கதவு எல்லாவற்றையும் படிக்கிறேன். அந்தக் கதவில் எழுதியிருப்பது பெண்களுக்கு என்று தெரிந்தபோது மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைதோறும், நண்டு உரிக்க வரும் உங்கள் பதினான்கு பேரையும் வேனில் ஏற்றி நூலகத்து ஆங்கில வகுப்புக்குக் கூட்டிப்போவேனே, அப்போது கடைசி வரிசையில் குளிர்காய்கிற மாதிரி உட்கார்ந்து நானும் படித்தேன் என்பதை முதலில் கண்டுபிடித்தது நீங்கள்தான். யாரிடமும் சொல்லாமல் உங்கள் நோட்டுப் புத்தகத்தை என் பக்கமாக நகர்த்தி வைத்தீர்கள். அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் லோர்னா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பருவகாலத் தொழிலாளர் விசாவுக்கான குலுக்கலில் நம் நண்டுக் கொட்டகைக்கு ஒன்றுகூட விழவில்லை. உரிக்க ஆள் இல்லாவிட்டால் கொட்டகையை விற்றுவிடுவேன் என்றாள். நீங்கள் தொலைபேசியில் அவளிடம் சொன்னதையும் எனக்குச் சொன்னாள். உங்கள் ஊர்த் தையல் ஆலையில் வேலை கொடுக்கிறார்களாம், ஏப்ரல் முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மாத்திரையும் அதனால் தாமதமாகிறது.

அந்தச் சமயத்தில்தான், செத்துப்போன என் மனைவி டெல்ஃபினின் தம்பி ஹார்லன், தன் பழைய காலணிகளை எனக்கு அனுப்பினான். அவன் பாலத்துக்கு அப்பால் கிளென்வேலில் இருக்கிறான். கடல் தெரியாத ஊர், ஆனால் தொகுதி நம்முடையதுதான். காலணி நசுங்காமல் இருக்க உள்ளே காகிதத்தைத் திணித்திருந்தான். முன்பென்றால் அடுப்பில் போட்டிருப்பேன். இப்போதுதான் படிக்கத் தெரியுமே. இடது காலணிக்குள் இருந்ததைப் பிரித்து முழங்காலில் தேய்த்து நிமிர்த்தினால், நம் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் வேட் பெம்பர்ட்டன் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். அவருடைய பிரச்சாரத் தாள் தபாலில் நம் தீவுக்கும் வரும். அதில் அவர் ரப்பர் கோட்டு போட்டுப் படகில் நிற்பார். அந்தப் படத்துக்காகவே ஆறு தேர்தலாக ஓட்டுப் போட்டிருக்கிறேன். எழுத்தைப் பார்த்ததில்லை. நம் ஊரில் அந்தத் தாளைப் பெயின்ட் டப்பாவுக்கு அடியில் விரிப்பதுதான் வழக்கம். நான் ஓடிப்போய் டப்பாவைத் தூக்கி, பச்சை வட்டம் விழுந்த தாளை எடுத்து வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முடிக்க மதியமாகிவிட்டது. முடித்தபின் மறுபடியும் படித்தேன். நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று சந்தேகம்.

மார்ச் இரண்டாவது சனிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் சிப்பி விருந்து. பெம்பர்ட்டன் வந்தார். அங்கே உள்ள சட்டம் உங்களுக்குத் தெரியும், கேள்விகள் முடியும்வரை ஒரு சிப்பி அப்பம்கூட எண்ணெயில் விழாது. முன்னொரு காலத்தில் ஒரு பெரிய மனிதர் சாப்பிட்டுவிட்டு, பதில் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாராம். அன்றிலிருந்து அடுப்படிப் பெண்கள் போட்ட சட்டம். நெட்டி பார்க்ஸ் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

அவர் முதலில் வரியைப் பற்றிப் பேசினார். சிறு தொழில்களுக்கு வரியைக் குறைத்தே தீருவாராம். லோர்னா எழுந்து, "ஐயா, நண்டு உரிக்க ஆளே இல்ல. ஆள் இல்லன்னா வருமானம் இல்ல. இல்லாத வருமானத்துல எந்த வரிய வெட்டப் போறீங்க?" என்றாள். அவர் தலையை ஆட்டி, அருமையான கேள்வி என்று சொல்லிவிட்டு, நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். யார் உள்ளே வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமாம்.

"எங்களுக்குத் தெரியுமே!" என்று நெட்டி கத்தினாள். "எபிஃபானியா வர்றா. இருபத்திரண்டு வருஷமா கையில கத்தியோட இந்தத் தீவுல உட்கார்ந்திருக்கா. இதுவரைக்கும் செத்தது நண்டு மட்டும்தான்!"

கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் பார்த்தார். பசி போல. அப்போது நான் எழுந்தேன்.

எபிஃபானியா, காலை இழுத்து இழுத்து முன்னால் போனேன். ஹார்லனின் காலணி ஒரு அளவு பெரிது. கேள்வி கேட்கப் போவதில்லை, படிக்கப் போகிறேன் என்றேன். கூடமே என் பக்கம் திரும்பியது. நான் ஓட்டுச்சாவடிக் கையெழுத்துக்கே பெருக்கல் குறி போடுகிறவன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

முதலில் நம் தீவுத் தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்துப் படித்தேன். "கடலை நம்பிப் பிழைக்கும் மக்களுக்காகக் கூடுதல் பருவகால விசாக்கள் கேட்டுப் போராடுவேன்." நல்ல வார்த்தைகள். கை தட்டினார்கள். பிறகு காலணித் தாள். அதில் அவர் ஒரு எல்லை வேலிக்கு முன்னால் நிற்கிறார். "வெளிநாட்டவருக்கு ஒரு விசாகூடக் கூடுதலாகக் கொடுக்க விடமாட்டேன்" என்பது வரைக்கும் வந்துவிட்டேன். அடுத்த சொல் எனக்குப் புதிது. திணறினேன்.

பெம்பர்ட்டன் மெதுவாக, "பெரியவரே, நான் வேணா படிச்சிடட்டுமா? நேரம் மிச்சமாகும்" என்றார்.

"வேணாங்க. எழுபத்து நாலு வயசுல கத்துக்கிட்டிருக்கேன். என்னைப் படிக்க விடுங்க" என்றேன்.

"படிய்யா எல்மோ! எண்ணெய் காத்துக்கிட்டிருக்கும்!" என்றாள் நெட்டி.

முதல் எழுத்தைச் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். அதற்குள் கூடமே என்னோடு சேர்ந்து, "பாதுகாப்பு!" என்றது, தேவாலயத்தில் ஆமென் சொல்வது போல. அந்தத் தாளை முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. வேகமாகப் படிக்கிறவனாக இருந்தால் அவர் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லியிருப்பார். மெதுவாகப் படிக்கிற கிழவனை எப்படி வெட்டிப் பேசுவது? அவர் காதுகள் அவித்த நண்டின் நிறத்துக்கு வந்துவிட்டன. வரியைக் குறைப்பதாக மட்டும் இரண்டு தாளிலும் ஒரே மாதிரி இருந்தது. அதையும் நியாயமாகச் சொன்னேன்.

"இதுல எதுங்க உங்களோடது?" என்று கேட்டேன்.

இரண்டும்தான் என்றார். சூழ்நிலை என்றார். சமநிலை என்றார். நெட்டி அடுப்பை அணைத்தாள். அணைத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மேசையில் விரித்திருந்த பழுப்புக் காகிதத்தைக் கிழித்து அவர் முன்னால் வைத்தேன். கூடுதல் விசா கேட்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். கூடத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், எழுதினார். ஆனால் கூட்டெழுத்தில் எழுதிவிட்டார். எனக்கு அது இன்னும் வராது. "தனித்தனியா, பெரிய எழுத்தா எழுதுங்க ஐயா. எனக்குப் புரியணும்" என்றேன். நாக்கை உதட்டோரம் கடித்துக்கொண்டு பள்ளிப் பிள்ளை போல மறுபடி எழுதினார். படித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. நெட்டி அடுப்பை ஏற்றினாள். அவர் அப்பம் ஒன்பது சாப்பிட்டார்.

ஒன்பதாம் நாள், அவர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் லோர்னாவுக்கு வந்தது. நண்டு உரிக்க யார் வரலாம் என்பதையும் நாட்டைக் காக்கிற அதே துறைதான் முடிவு செய்கிறதாம். கிளென்வேல்காரர்கள் சும்மா விடவில்லை. பழுப்புக் காகிதத்தின் படத்தைக் காட்டிக் கேட்டார்களாம். உடனே அங்கே புதுத் தாள் ஒன்று போயிருக்கிறது. ஹார்லன் தொலைபேசியில் படித்துக் காட்டினான்: "உணவுப் பாதுகாப்பே நாட்டுப் பாதுகாப்பு." மேலே அவர் படம், கையில் ஒரு நண்டு. ஹார்லன் சொல்கிறான், நண்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாராம்.

இந்தத் திங்கட்கிழமை கூடுதல் விசாக்கள் அறிவித்தார்கள். நம் கொட்டகைக்குப் பதினொன்று. லோர்னா சொல்கிறாள், பெம்பர்ட்டனைப் போல நாற்பது பேர் கேட்டிருப்பார்கள், எப்படியும் வந்திருக்கும் என்று. அவள் படித்தவள், அப்படித்தான் சொல்வாள். பட்டியலை அவள் கையிலிருந்து வாங்கி நானே படித்தேன். ஏழாவது பெயர் உங்களுடையது. நீளமான பெயர். யாரும் உதவி செய்யாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

உங்கள் நாட்டு மான்டெரே துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல் இருபத்து நான்காம் தேதி. தையல் ஆலைக்கு நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்களா என்று லோர்னாவுக்குத் தெரியவில்லை. அங்கே கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. யாடிராவைத் தினமும் பார்க்கலாம். உங்கள் விரல்களுக்கும் அதுதான் நல்லது என்று எனக்குத் தெரியும். அப்படி முடிவு செய்திருந்தால் அது சரியான முடிவு. கடவுள் உங்கள் இரண்டு கைகளையும் காப்பாற்றட்டும்.

இதற்குமேல் ஒரு வரி எழுதினேன், அடித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் அடித்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும், பார்க்காதீர்கள். என் ஆயுளில் யாரிடமும் எதையும் எழுத்தில் கேட்டதில்லை. எழுத்தே இல்லாதபோது எப்படிக் கேட்பது? ஆகவே இதுதான் முதல் முறை. ஒரே ஒரு சொல், அதுவும் எனக்கு நன்றாக எழுத வருகிற சொல்.

வாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
எல்மோ டைஸ்
(பெருக்கல் குறி அல்ல, பெயர்)