பச்சை என்று எழுதிய பெண்

செவ்வாய், இரவு.

கல்லூரி ஆய்வுக்காக இன்று பட்டுக்கடையில் படிவம் கொடுத்தேன். ‘பிடித்த நிறம்?’ என்ற கேள்விக்குக் கல்யாணப்பெண் ‘பச்சை’ என்று எழுதினாள். வருங்கால மாமியார் ஒரு பச்சைப் புடவையைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தார். எனக்கு அது உறைக்கவே இல்லை.

புடவை விரித்துப் போடும் கோமதி அக்கா எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக விரித்தபடி அந்தப் பெண்ணின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அரக்கு நிறப் புடவையில் விரல்கள் நின்றன. சட்டென்று அதை எடுத்து மாமியார் தோளில் போட்டார்.

“உங்களுக்கே இவ்ளோ எடுப்பா இருக்குதேமா, மருமகளுக்குச் சொல்லணுமா?”

மாமியார் கண்ணாடியை விட்டு நகரவில்லை. “பச்சைய உள்ள வச்சிடுமா. இதையே பில் போட்டுடு.”

அந்தப் பெண் சிரித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டு செமஸ்டராக மக்கள் தொடர்பு படிக்கிற நான் வாயைப் பிளந்து நின்றேன்.

நாளை மேடத்திடம் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதில் பச்சை என்றுதான் இருக்கிறது.