எதிர்வீட்டுப் பூனைக்குப் பால்

அக்கா,

எங்கள் வகுப்பு மகாராணிக்கு அம்மா நம் பார்லரில் இலவசமாகத்தானே முடி வெட்டிவிடுவாள்? "அவ கூட்டத்தோட ஒட்டிக்கிட்டு இரு, அப்பதான் நாலு பேரு உன்னை மதிப்பாங்க" என்பாள். அதனால் என் கையில் அவள் நகம் பதித்த கீறல்களுக்கெல்லாம் எதிர்வீட்டுப் பூனையின் மேல் பழி போட்டேன். அம்மாவும் அதைக் கண்டால் விளக்குமாற்றோடு துரத்துவாள்.

நேற்று மகாராணி முடி வெட்டிக்கொள்ள வந்தாள். பின்னால் நிற்கிற அம்மாவுக்குத் தெரியாது என்ற தைரியத்தில், துண்டோடு பக்கத்தில் நின்ற என்னைக் கிள்ளினாள். எதிரே கண்ணாடி இருப்பதை மறந்துவிட்டாள்.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எந்திரி."

"ஆன்ட்டி, இன்னொரு பக்கம்?"

"அதை வேற கடையில வெட்டிக்க."

அப்புறம் அதே நாற்காலியில் என்னை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள்.

இன்று காலை எதிர்வீட்டுப் பூனைக்குக் கிண்ணம் நிறையப் பால் வைத்தாள்.

நன்றாகத் தூங்கி எழுந்த
உன் தங்கை