வாடைக்குக் காத்திருந்த தொட்டி

இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லி ஒருநாளும் அழைத்ததில்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகும் அதை மாற்ற மனமில்லை. உங்கள் மீன்தொட்டியின் செய்தி சொல்லவே எழுதுகிறேன்.

மன்னார் மீன் ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போவதுதான் வழக்கம். நீங்களோ கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் ஒரு சோடி உயிர்மீனைக் கொண்டுவந்தீர்கள். தென்னமெரிக்காவின் குளிர்ந்த ஆறுகளில் வாழும் சிக்லிட் என்ற அலங்கார மீன். "குழம்புக்கும் காணாது, பொரியலுக்கும் காணாது" என்று உங்கள் தமையனார் சிரித்தார். இந்த வெயிலில் தாங்காது என்றுதான் நானும் நினைத்தேன். வடக்கு அறையில் தொட்டியை வைத்து, தண்ணீருக்கு மேலே மின்விசிறியை ஓடவிட்டு, அவற்றை வருடக்கணக்காக வாழவைத்தீர்கள்.

இந்தமுறை சோழகக்காற்று வீசும் வெக்கைக் காலத்தின் முடிவில் பெண்மீன் செத்துப்போனது. ஆண்மீன் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி இரையெடுக்க மறுத்தது. என்னை அடம்பனில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டே இருக்கும் எங்கள் மகள் செல்வி இதைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அதுவும் போனால் தொட்டியைக் குடுத்துப்போட்டு என்னோட அடம்பனுக்கு வாறீங்களா?"

ஓம் என்றேன். கொடுத்த வாக்கை நான் மாற்றுவதில்லை, உங்களுக்குத் தெரியும்.

கூட்டு இருந்தால் அது வெளியே வந்து இரையெடுக்கும் என்று துணைமீன் தேடிப் போனேன். கடைக்கார நாசர் தங்கமீனைக் காட்டினார். அதற்குக் குளிர் பிடிக்கும், உண்மை. ஆனால் ஆடி அசைந்து நீந்தும் அந்த நீண்ட வாலைத் தொட்டியில் இருக்கும் எங்கள் ஆள் விட்டுவைப்பாரா? சின்னஞ்சிறு கப்பி மீன் என்றால் விழுங்கியே விடுவார். மிஞ்சியது ரோஸி பார்ப் என்ற மீன். குளிர் தாங்கும், ஓடத் தெரியும், வாய்க்குள் அடங்காது.

"முதல்ல இரை போடுங்கோ, பாப்பம்" என்றேன்.

நாசர் சிரித்தார். "ஐயாவும் இதேதான் அன்ரி. மீன் வாங்க வந்தவரோ மாப்பிள்ளை பாக்க வந்தவரோ எண்டு தெரியாது."

செல்வியின் மாப்பிள்ளையையும் நீங்கள் சாப்பாட்டு மேசையில்தான் பார்த்தீர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளை இறால் கிண்ணத்தைப் பக்கத்து ஆளுக்கு முதலில் நகர்த்தினாரே, அதன்பிறகுதானே சம்மதித்தீர்கள். நானும் மற்றதன் வாயிலிருந்து இரையைப் பறித்த மீன்களை விலக்கிவிட்டு, மீதியைத் தெரிந்தெடுத்தேன்.

ஆனால் உடனே கொண்டுவரவில்லை. காற்று மாறும்போதுதான் எங்கள் கரையில் மீனவர் கொட்டில்கள் இடம் மாறும். தொட்டிக்கும் அதே சட்டம் வைத்தவர் நீங்கள். வாடைக்காற்று பிறந்து தண்ணீர் தானாகக் குளிரும்வரை புதுமீன் இறங்கக் கூடாது. சூட்டில் பழையவருக்குக் கோபம் கூடும். பார்ப்புகளை அதுவரை நாசரே வைத்திருந்தார்.

"அது சாகப்போகுது, நீங்கள் காத்துப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்" என்றாள் செல்வி. பயம் எனக்கும் இருந்தது. மெலிந்துகொண்டே போகும் மீனுக்கு முன்னால் இருந்து உங்கள் சொல்லை நம்புவது இலகுவா?

வாடை வந்தது. பார்ப்புகளை இறக்கினோம். எங்கள் ஆள் கல்லைவிட்டு வெளியே வந்து, செட்டை விரித்து, அவற்றை ஒரு சுற்றுத் துரத்தினார். செல்வி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் இரை போட்டேன். புதியவை மேலே தின்றன; அவர் அடியில் விழுந்ததை மணலோடு அள்ளி, வாயால் சலித்து உண்டார். ஒருவர் பங்கை மற்றவர் தொடவில்லை.

"அப்பா கெட்டிக்காரர்தான்" என்று முணுமுணுத்துவிட்டு, செல்வி பின்னேர பஸ்ஸில் தனியாகவே வீடு போனாள்.

அடுத்த சோழகத்தில் மின்சாரம் நின்றால், ஓலை விசிறியோடு தொட்டியடியில் நானே நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
பிலோமினா